கழுத்தில் இல்லாத நோய்



மருத்துவர் அல்லாதாரும் கேட்டுப் பயன்கொள்ளத்தக்க ஒரு பொருளைப் பற்றி ஆண்டுதோறும் தமிழிலேயே ஒருவர் பேசவேண்டும் என்பது இவ்வுரையை நடத்தும் அறக்கட்டளையின் விதி என்று செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். இருதயம், நீரிழிவு, புற்றுநோய் என்று எல்லோர் வீட்டிலும் புகுந்துவிட்ட பெரிய வியாதிகள் பல காத்திருக்க, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவருடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகியிருக்கும் மூன்று எண்களைப் பற்றி நான் பேச முன்வந்திருப்பதற்குக் காரணம், அந்த மூன்று எண்களை நான் என் இளமையில் ஒருமுறை தவறாகப் படித்தேன் என்பதும், அத்தவற்றின் பாரத்தை நான் அல்லாமல் வேறொரு குடும்பம் சுமந்தது என்பதுமே ஆகும்.

அவர் ஒரு நெசவாளி. வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். நுரையீரலில் கண்ட நிமோனியா இரத்தத்திலும் பரவி, சிறுநீர் குறைந்து, மூச்சு தளர்ந்து, வென்டிலேட்டர் இயந்திரத்தின் துணையால் உயிர் தாங்கிக்கொண்டிருந்தார். பத்தாம் நாளிலும் அவர் கண் திறவாததைக் கண்டு, காரணம் ஏதேனும் தப்பிவிட்டதோ என்ற அச்சத்தில் எல்லாப் பரிசோதனைகளையும் எழுதியவன், தைராய்டு பரிசோதனையையும் அவற்றோடு சேர்த்து எழுதினேன். மாலையில் சீட்டு வந்தது. டி-3 மிகத் தாழ்ந்திருந்தது, டி-4 தாழ்ந்திருந்தது, டி.எஸ்.எச். என்பதும் கீழ் எல்லையை ஒட்டிக் கிடந்தது. மறைந்திருந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டவனுக்கு உண்டாகும் ஓர் உற்சாகத்தோடு வெளியே போய், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் அதைச் சொன்னேன். “இவருக்குத் தைராய்டும் இருக்குதுங்களா, டாக்டர்?” என்று அந்த அம்மாள் கேட்டார். ஆம் என்றேன். மூக்குக் குழாய் வழியே மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினோம்.

அவர் பிழைத்தார். பிழைக்கச் செய்தவை ஆண்டிபயாட்டிக் மருந்துகளும், இரவு பகல் பாராமல் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துச் சளியை உறிஞ்சியெடுத்த செவிலியர் கைகளுமே என்பதை இன்று நான் அறிவேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பில் ‘தைராய்டு குறைவு’ என்று என் கையால் எழுதினேன். அந்த இரண்டு சொற்கள் அவரோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மாதந்தோறும் மாத்திரை வாங்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்கு வந்து இரத்தம் கொடுத்தார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், குடும்பத்தில் தைராய்டு உண்டாமே என்று தயங்கிப் போனார்கள். பிறகு அவர் ஊர் மருத்துவர் ஒருவர் நிதானமாக விசாரித்து, மாத்திரையை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த அம்மாள் என்னைத் தேடிவந்து, குறைகூறும் குரலில் அல்லாமல், நல்ல சமாசாரம் சொல்பவரைப் போலவே அதைச் சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் இவ்விஷயத்தை நான் விடாமல் படித்து வருகிறேன்.

அவருக்கு இருந்தது என்ன? தைராய்டில் நோயில்லாதபோதே, வேறொரு கடும்நோயின் காரணமாக, தைராய்டு ஹார்மோன்களின் அளவு இரத்தத்தில் மாறிப்போகும் நிலை அது. குறைந்த டி-3 நிலை என்றும், தைராய்டு சாராத நோயின் விளைவு என்றும் அதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. மருத்துவமனைகளில் இது அபூர்வமானதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிகளில் இம்மாறுதல் ஏதேனும் ஓர் அளவில் இல்லாதவரைக் காண்பதே அரிது. தைராய்டின் இயல்பான நடை நமக்குத் தெரிந்திருந்தால்தான் அது நடை மாற்றிக்கொள்ளும் விதம் விளங்கும் ஆதலால், முதலில் அச்சுரப்பியின் கதையைச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

குரல்வளைக்கு முன்னே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் படிந்திருக்கும் அச்சுரப்பிக்கு, கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1656ஆம் ஆண்டில் பெயரிட்டவர் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கிலேய வைத்தியர். அதன் சாரத்தை முதன்முதல் படிகமாகப் பிரித்தெடுத்தவர் எட்வர்டு கெண்டால். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அது நிகழ்ந்தது. பின்னர் ஏறத்தாழ 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவர் திரட்ட முடிந்தது வெறும் 33 கிராம் என்பதை நினைக்கும்போது, மனிதனின் பொறுமைக்கு இயற்கை வைக்கும் பரீட்சை எத்தகையது என்று எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தைராக்ஸின் என்று அவர் பெயரிட்ட அப்பொருளின் ரசாயன அமைப்பை லண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் தெளிவுபடுத்தினார். அதில் அயோடின் அணுக்கள் நான்கு. அதனால் அது டி-4.

1952ஆம் ஆண்டு வரையில் ஹார்மோன் என்றால் டி-4 மட்டுமே என்று உலகம் எண்ணியிருந்தது. அவ்வாண்டில் ஜாக் கிராஸ் என்பவரும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்ற அம்மையாரும் லண்டனில், நான்கில் ஓர் அயோடின் குறைந்த மற்றொரு பொருள் இரத்தத்தில் உலவுவதையும், அது டி-4ஐக் காட்டிலும் வீரியம் மிக்கது என்பதையும் கண்டார்கள். அதுவே டி-3. ஆனால் அது எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தைராய்டு அறவே இல்லாத நோயாளிகளுக்கு டி-4 மட்டும் கொடுத்து, அவர்கள் இரத்தத்தில் டி-3 தோன்றுவதை பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவரும் 1970இல் காட்டினார்கள். கழுத்தில் சுரப்பியே இல்லாதவர் உடலில் டி-3 எப்படி வந்தது? சரீரத்தின் பிற உறுப்புகளே, கல்லீரலும் சிறுநீரகமும் தசையும் பிறவும், டி-4இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி-3ஐ ஆக்கிக்கொள்கின்றன என்பதே விடை. நாள்தோறும் நம் உடலில் உண்டாகும் டி-3இல் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு சுரப்பிக்கு வெளியே உண்டாவதுதான்.

கேட்போர் மனத்தில் நான் ஊன்ற விரும்பும் செய்தி இது. டி-4 என்பது பத்தாயத்தில் இருக்கும் நெல். டி-3 உலையில் வெந்த சோறு. நெல்லை எப்போது குத்துவது, எவ்வளவு குத்துவது என்பதைத் தீர்மானிப்பது பத்தாயம் அன்று; வீட்டில் உள்ளவர்களே. ஆகவே டி-3 குறைந்தது என்று ஒரு சீட்டுச் சொன்னால், பத்தாயம் பழுதாயிற்று என்று முடிவுகட்டுமுன், வீட்டில் என்ன நேர்ந்தது என்று விசாரிக்கவேண்டும்.

அயோடினைக் கழற்றும் நொதிகள் மூன்று வகை. மூன்றுமே செலினியம் என்னும் தாதுவை உறுப்பாகக் கொண்டவை. முதல் வகை முக்கியமாகக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தைராய்டிலும் இருக்கிறது; இரண்டாம் வகை மூளையிலும் பிட்யூட்டரியிலும் தசையிலும் இருக்கிறது; இவ்விரண்டும் டி-4இன் இரு வளையங்களில் வெளிவளையத்து அயோடினைக் கழற்றி, அதை வீரியமுள்ள டி-3 ஆக்குபவை. மூன்றாம் வகையோ உள்வளையத்து அயோடினைக் கழற்றுகிறது. அதனால் பிறப்பது டி-3ஐப் போலவே மூன்று அயோடின் கொண்டதாயினும் டி-3இன் வேலையைச் செய்யாத ஒரு பொருள். ரிவர்ஸ் டி-3 என்று அதற்குப் பெயர். ஏற்கெனவே உண்டாகிவிட்ட டி-3ஐயும் இந்த மூன்றாம் நொதியே அழித்துவிடுகிறது. கருவில் வளரும் சிசுவுக்கு அளவுக்கு மிஞ்சிய ஹார்மோன் சென்று சேராதபடி நஞ்சுக்கொடியில் காவல் நிற்பதும் இதுதான். பிறந்து வளர்ந்த மனிதனின் கல்லீரலிலும் தசையிலும் இது உறங்கிக் கிடக்கிறது. கடும்நோய் அதை எழுப்புகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தவர்களின் கல்லீரலையும் தசையையும் இறந்த உடனேயே எடுத்து ஆராய்ந்த பெல்ஜிய, டச்சு ஆராய்ச்சியாளர்கள், முதல் நொதி ஒடுங்கியும் மூன்றாம் நொதி விழித்தும் இருந்ததை 2003இல் வெளியிட்டார்கள்.

இம்மாறுதல் தொடங்கும் வேகம் ஆச்சரியமானது. அறுவை சிகிச்சை மேசையில் படுத்த சில மணி நேரத்திலேயே டி-3 இறங்கத் தொடங்குகிறது; ரிவர்ஸ் டி-3 ஏறுகிறது. நோய் வேண்டுமென்பதுகூட இல்லை. திடகாத்திரமான ஒருவர் ஓரிரு நாள் முழுப் பட்டினி கிடந்தாலே இது நிகழ்ந்துவிடும் என்பதை 1970களில் பாஸ்டன் பகுதியில் வாகினாகிஸ், பிரேவர்மன் முதலியோர் விளக்கினார்கள். பட்டினி முடிந்து மாவுச்சத்துள்ள உணவு உட்சென்றதும் டி-3 திரும்ப எழுகிறது. இதில் நோய் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்ணாதவன் செலவைக் குறைக்கிறான். உடல் தன் தசையை எரித்துத் தின்றுவிடாதபடி அடுப்பைத் தணித்துக்கொள்கிறது. அப்படிப் பட்டினி கிடப்போருக்கு வெளியிலிருந்து டி-3ஐக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் தசைப் புரதம் கூடுதலாகக் கரைந்து சிறுநீரில் வெளியேறிற்று.

நம் நாட்டு ஏரிப்பாசனத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். மழை பொய்த்து ஏரி நீர் இறங்கும் ஆண்டில், மடையைக் காக்கும் நீர்க்கட்டி மடையைத் தாழ்த்தி, கடைமடை வயல்களுக்கு முறை வைத்து, நாற்றங்காலையேனும் காப்பாற்றப் பார்ப்பான். அயலூரிலிருந்து வந்த ஒருவன் வறண்ட வாய்க்காலை மட்டும் பார்த்துவிட்டு, ஏரி உடைந்துவிட்டது, கரையை வெட்டிப் புதுமடை வையுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நெசவாளியின் சீட்டைப் படித்த நான் அந்த அயலூரானாகவே இருந்தேன்.

ஆனால் இந்த உவமையோடு நின்றுவிட்டால் நான் உங்களுக்கு உண்மையில் பாதியை மட்டுமே சொன்னவனாவேன். நோய் நாட்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு நீளும்போது டி-3 மட்டுமன்றி டி-4உம் இறங்குகிறது. அதைவிட விசித்திரமாக, இவை இறங்கும்போது எழவேண்டிய டி.எஸ்.எச். எழுவதில்லை. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரியிலிருந்து தைராய்டுக்குச் செல்லும் கட்டளை. பிட்யூட்டரிக்கு மேலிருந்து ஹைப்போதாலமஸ் அனுப்பும் கட்டளை டி.ஆர்.எச். ஆரோக்கியமான உடலில் ஹார்மோன் குறைந்தால் கட்டளை உரத்து ஒலிக்கும். கடும்நோயில் கட்டளையிடும் இடமே மௌனமாகிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 1997இல், இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், ஹைப்போதாலமஸில் டி.ஆர்.எச். உற்பத்திக்கான செய்தியே குறைந்திருந்ததைக் கண்டார்கள். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து வான் டென் பெர்கே என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், நெடுநாள் நோயாளிகளுக்கு டி.ஆர்.எச். முதலியவற்றைச் செலுத்தியபோது, டி.எஸ்.எச். எழுந்து, அதன் பின்னே டி-4உம் டி-3உம் எழுந்தன. கழுத்திலுள்ள சுரப்பி இத்தனை நாளும் வேலைசெய்யக் காத்திருந்ததேயன்றிக் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இந்த மௌனத்தின் காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. அழற்சியின்போது இரத்தத்தில் பெருகும் இன்டர்லூகின் போன்ற பொருள்களுக்கு அதில் பங்குண்டு. அழற்சி கண்ட எலிகளில், உடல் முழுதும் ஹார்மோன் குறைந்திருக்கும்போதே, ஹைப்போதாலமஸின் ஓரத்தில் மட்டும் இரண்டாம் நொதி பெருகி டி-3ஐ மிகுவிக்கிறது. ஊரெல்லாம் பஞ்சமாயிருக்க, அரண்மனை மட்டும் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று நம்பி வாளாவிருக்கிறது.

நாம் கொடுக்கும் மருந்துகளும் இக்குழப்பத்தைப் பெருக்குகின்றன. இரத்த அழுத்தத்தை நிறுத்தக் கொடுக்கும் டோபமினும், ஸ்டீராய்டுகளும் டி.எஸ்.எச். அளவைத் தாழ்த்துகின்றன. இருதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் அயோடின் நிரம்பிய மருந்து. அது முதல் நொதியையும் தடுக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், பரிசோதனைக் குழாயிலேயே கணக்கைக் குழப்பி, புரதத்தோடு ஒட்டாமல் தனித்து உலவும் ‘ஃப்ரீ டி-4’ மிகுந்திருப்பதாகப் பொய்த்தோற்றம் காட்டக்கூடும்.

இனி இவ்விஷயத்தின் நெஞ்சைத் தொடும் பகுதிக்கு வருகிறேன். 1981ஆம் ஆண்டில் ஸ்லாக் என்பவரும் அவர் தோழர்களும் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் டி-4 அளவை அவர்கள் கதியோடு ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் டி-4 இருந்தவர்களில் இறந்தவர் நூற்றுக்குப் பதினைந்து பேர். 3 முதல் 5 வரை இருந்தவர்களில் பாதிப் பேர். 3க்கும் கீழே போனவர்களில் நூற்றுக்கு 84 பேர். உயிரின் இறக்கத்தை அளக்கும் ஓர் அளவுகோலாகவே அந்த எண் நின்றது. இதைப் படிக்கும் இளம் மருத்துவனின் மனம் என்ன சொல்லும்? குறைந்திருப்பதை நிரப்பு என்று சொல்லும். தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் என்ன விவாதம்?

விவாதத்துக்கு இடமுண்டு என்று காட்டியது 1986இல் பிரெண்ட், ஹெர்ஷ்மன் என்ற இருவர் லாஸ் ஏஞ்சலீஸில் செய்த ஒரு சிறிய ஆராய்ச்சி. டி-4 மிகத் தாழ்ந்திருந்த கடும்நோயாளிகள் 23 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு இரத்தக்குழாய் வழியே தைராக்ஸின் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களுக்கு டி-4 அளவு அழகாக எழுந்து இயல்புநிலையை அடைந்தது, சீட்டு குணமாயிற்று. நோயாளிகளோ குணமாகவில்லை. இரு பிரிவிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இறந்தார்கள். கொடுத்த டி-4, டி-3 ஆகவும் மாறவில்லை. பத்தாயத்தில் நெல்லைக் கொட்டியதுதான் மிச்சம், குத்த ஆளில்லை.

அளவில் சிறிய ஆராய்ச்சி அது. ஒன்றை நிரூபிக்கும் வலிமை அதற்கு இல்லை என்று சொல்வோர் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. தீக்காயம் பட்டோருக்கு டி-3ஐயே நேராகக் கொடுத்தும் மரணம் குறையவில்லை. இருதய அறுவை சிகிச்சை முடிந்தோருக்கு டி-3 கொடுத்து 1995இல் வெளியான ஆராய்ச்சியில் இருதயம் இறைக்கும் இரத்தத்தின் அளவு மிகுந்தது. ஆனால் நோயாளியின் முடிவில் மாறுதல் தெரியவில்லை. திடீர்ச் சிறுநீரக முடக்கம் கண்டவர்களுக்குத் தைராக்ஸின் கொடுத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிதான் என் மனத்தை மிகவும் கலக்கியது: கொடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 43 பேரும், கொடுக்கப்படாதோரில் நூற்றுக்கு 13 பேரும் மாண்டார்கள். நன்மை செய்வதாக எண்ணிக் கை நீட்டியவர்கள் தீமை செய்திருக்கக்கூடும் என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லின. மூளைச் சாவு அடைந்தோரின் இருதயத்தை மாற்றுச் சிகிச்சைக்காகக் காக்கும்பொருட்டு, பல ஆண்டுகளாக வழக்கமாகவே கொடுக்கப்பட்டு வந்த தைராக்ஸினையும் 838 பேரிடம் பரீட்சித்து 2023இல் முடிவு கூறினார்கள், கொடுத்தவரிடத்தில் 54.9 விழுக்காடு இருதயங்களும், கொடுக்காதவரிடத்தில் 53.2 விழுக்காடு இருதயங்களும் பொருத்தப்பட்டன. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

எதிர்க்கட்சியின் குரலையும் நான் மறைக்கக்கூடாது. சிகாகோவின் லெஸ்லி டிகுரூட் தைராய்டு அறிவியலின் பெரியோர்களுள் ஒருவர். இந்நிலையை உடலின் நன்மைக்கான ஏற்பாடு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே, உண்மையில் திசுக்கள் ஹார்மோனின்றி வாடுவதைப் பாராமல் இருந்துவிட்டோம், இது அபாயகரமான ஒரு மூடக்கொள்கை என்று 1999இல் அவர் அழுத்தமாக எழுதினார். இது பெயரளவில்தான் இயல்பு நிலையா என்ற கேள்வியை எழுப்பிச் சாதக பாதகங்களை எடைபோட்ட இந்தர் சோப்ராவோ, நன்மை நிரூபிக்கப்படாதவரை மருந்து கொடுப்பது தகாது என்ற பக்கம் நின்றார். ரிவர்ஸ் டி-3ஐ அளக்கும் முறையை 1970களில் வகுத்தளித்தவர் அவர். இரண்டு பெரியவர்களின் கட்டுரைகளையும் ஒருசேரப் படிக்கும்போது, இருவரும் நோயாளியின் படுக்கையருகே நின்றே பேசுகிறார்கள் என்பது தெரியும். என் முடிவு சோப்ராவின் பக்கத்தது. ஆயினும் டிகுரூட் எழுப்பிய ஐயத்தை, குறிப்பாக வாரக்கணக்கில் நோயில் கிடந்து தசையுருகிப் போனவர்களைப் பொறுத்தவரை, நான் தள்ளிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். முதல் சில நாட்களின் மாறுதல் வேறு, பின்னாளின் மாறுதல் வேறு என்று லூவன் குழுவினர் நெடுநாளாகச் சொல்லிவருவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முன்னது நீர்க்கட்டி மடையைத் தாழ்த்துவது. பின்னது, நெடும்பஞ்சத்தில் நீர்க்கட்டியே ஊரைவிட்டுப் போய்விடுவது.

இந்த வேறுபாட்டுக்கு ஆதரவாக அவர்களுடைய ஒரு பெரிய ஆராய்ச்சி நிற்கிறது. பட்டினியே மேலான மருந்து என்னும் பொருளில், லங்கணம் பரம ஔஷதம் என்று நம் முன்னோர் சொல்லும் வார்த்தையை நவீன மருத்துவம் நெடுங்காலம் ஏளனமாகவே பார்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உணவு செல்லாதவருக்கு முதல் நாள்களிலேயே இரத்தக்குழாய் வழியே ஊட்டச்சத்தை நிரப்பவேண்டும் என்று பல நாடுகளில் கருதினார்கள். 4,640 நோயாளிகளைக் கொண்டு 2011இல் வெளியிடப்பட்ட பெல்ஜிய ஆராய்ச்சியில், அவ்வாறு உடனே நிரப்பியோரைக் காட்டிலும், ஒரு வாரம் பொறுத்தவர்கள் தொற்று குறைந்தும் விரைவிலும் தேறினார்கள். அவர்களில் சிலருடைய தைராய்டு அளவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, உடனே ஊட்டியவர்களுக்கு டி-3 அவ்வளவாக இறங்கவில்லை. டி-3 இறங்காதவர்கள் மெதுவாகத் தேறினார்கள். இறங்கியவர்கள் விரைந்து தேறினார்கள். முதல் வாரத்தில் சரீரம் தன் அடுப்பைத் தணிப்பதில் ஒரு விவேகம் இருக்கிறது என்று நம்ப இது இடங்கொடுக்கிறது. நோயாளிகளைப் பட்டினி போடுங்கள் என்று இதற்கு அர்த்தமன்று. குழாய் வழியே வயிற்றுக்குச் செல்லும் உணவை அவர்கள் நிறுத்தவில்லை.

இவ்வளவும் கேட்ட இளம் மருத்துவர்கள், நாளைக் காலை வார்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். கடும்நோயாளிக்குத் தைராய்டு நோய் இருக்குமென்று நினைக்கக் காரணம் இல்லாவிடில் அப்பரிசோதனையை எழுதாதிருப்பதே முதல் வேலை. மருத்துவமனையில் சேர்ந்த 1,580 பேரிடம் டி.எஸ்.எச். அளந்து 1987இல் ஸ்பென்சர் முதலியோர் வெளியிட்டதில், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அது எல்லைக்கு வெளியே இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு நோய் இல்லை. லிட்டருக்கு 20 மில்லி யூனிட்டுக்கு மேலே போனவர்களிலேயே பாதிப் பேருக்குத்தான் உண்மையான நோய் இருந்தது. அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. உடல் சில்லிட்டு, நாடி மந்தமாகி, தோல் தடித்து, கழுத்தில் பழைய அறுவைத் தழும்போடு நினைவிழந்து வருபவருக்கு மிக்ஸிடிமா என்னும் உண்மையான தைராய்டு முடக்கம் இருக்கக்கூடும். அவருக்கு ஹார்மோன் கொடுக்கத் தாமதித்தால் உயிர் போய்விடும். அங்கே நான் இதுவரை சொன்ன பொறுமைக்கு இடமே இல்லை. அவருக்கும் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டே தைராக்ஸின் கொடுக்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்தார் அனைவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது. ஏற்கெனவே தைராய்டு குறைவுக்காக மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவர் வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போது, அம்மாத்திரை சீட்டில் எழுதப்படாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. டி-4 உடலில் ஒரு வாரத்துக்குப் பாதியாகத்தான் குறையும் ஆதலால் இரண்டு மூன்று நாள் விட்டாலும் ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் விட்டால் தெரியும். அப்போது அது நோயின் களைப்பாகவே எல்லோருக்கும் தோன்றும். மாத்திரைப் பெட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் வீடுகளில் “எனக்குத் தைராய்டு இருக்கு” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. குறைவா, மிகுதியா, எப்போது, எந்தச் சூழ்நிலையில் கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஏற்படுமானால், நெசவாளியின் குடும்பத்துக்கு நேர்ந்தது மற்றொரு குடும்பத்துக்கு நேராது.

கடைசியாக ஒரு சங்கதி. நோய் தணிந்து உடல் தேறத் தொடங்கும்போது, மௌனமாயிருந்த பிட்யூட்டரி மறுபடி பேசத் தொடங்குகிறது, டி.எஸ்.எச். இயல்பு எல்லையைத் தாண்டி, சில சமயம் 20 வரைக்கும்கூட, சிறிது காலம் உயர்ந்து நிற்கிறது. நோயின் உச்சத்தில் தாழ்ந்த எண்ணைக் கண்டு ஏமாறாதவர்கள்கூட இந்த உயர்ந்த எண்ணைக் கண்டு ஏமாறுவார்கள். மீட்சியின் முதற்குறியையே புதுநோயென்று எண்ணி, வீட்டுக்குப் போகும் நாளில் கையில் ஒரு மாத்திரைச் சீட்டைக் கொடுத்தனுப்புவார்கள். சென்ற மாதம் எங்கள் பிரிவில், குடல் ஓட்டையடைத்து அறுவை சிகிச்சை செய்யப்பட்ட ஒரு மூதாட்டி பதினெட்டு நாள் கிடந்து தேறினார். நடுவில் வேறெவரோ எழுதிய பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.3 ஆக இருந்தது. வீட்டுக்குப் புறப்படும் வாரத்தில் அது 11. என்னோடு பணிபுரியும் இளம் மருத்துவர் மாத்திரையைத் தொடங்கலாமா என்று கேட்டார். அவர் கண்ணில் நான் அறிந்த அந்தப் பழைய உற்சாகம் தெரிந்தது. அம்மூதாட்டியின் மகளை அழைத்து உட்காரவைத்து, இது நோயாகவும் இருக்கலாம், உடல் தேறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம், ஆறு வாரம் கழித்து அம்மாவை அழைத்து வாருங்கள், அதுவரை ‘தைராய்டு’ என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லவேண்டாம் என்றேன். “அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிடாதுங்களே?” என்று அவர் கேட்டார். களைப்பு மிகுந்தாலோ, குளிர் தாங்காமற் போனாலோ நாள் பார்க்காமல் வந்துவிடச் சொல்லியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமையோடு அந்த ஆறு வாரம் முடிகிறது.